வெள்ளைக்கு எதற்கு நீலம்?

பொங்கலுக்கு வெள்ளை அடிப்பதில் இந்த முறை எங்கள் வீட்டில் பெரிய ரகளை. பென்னாகரம் பக்கம் பழைய ஓட்டு வீடு எங்களுடையது. கூடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கலாம் என்று அப்பாவும் நானும் தர்மபுரிக்குப் போய் கலர் அட்டையைப் பார்த்தோம். வெள்ளையிலேயே ஏழெட்டு வெள்ளை! கடை வெளிச்சத்தில் பால் மாதிரி இருந்த ஒன்றை வாங்கி வந்து அடித்தால், ராத்திரி எங்கள் வீட்டு குண்டு பல்பில் அது வெண்ணெய் நிறத்தில் இளிக்கிறது. அப்பா பெயிண்டரை முறைக்க, பெயிண்டர் என்னை முறைக்க... சரி, அதை விடுங்கள்.

விஷயம் ஆயாவுடைய அறை. ஆயாவுக்கு பெயிண்ட் வாசனை ஆகாது. சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும், அதுவும் நீலம் போட்டு அடிக்க வேண்டும் என்று உத்தரவு. அடித்தோம். "என்னடா இது, மஞ்ச பூத்துக் கெடக்குது. நீலம் போட்டீங்களா இல்லியா?" இன்னொரு பொட்டலம் கரைத்து இரண்டாம் தடவை அடித்தோம். "இன்னும் மஞ்சளாத்தான் இருக்குது." மூன்றாம் தடவை முடிந்தபோது எங்கள் கண்ணுக்கு அறை வானம் மாதிரி இருந்தது. ஆயாவுக்கு மட்டும் மஞ்சள். வயசானாலே இப்படித்தான் குறை சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்று அம்மா முணுமுணுத்தது ஆயா காதில் விழுந்துவிட்டது. அன்று ராத்திரி ஆயா சாப்பிடவில்லை.

வேதியியல் மாணவன் என்று வெளியே சொல்லிக்கொண்டு திரிகிறேனே, வெள்ளைக்கு எதற்கு நீலம் என்றாவது தெரிய வேண்டாமா? தேட ஆரம்பித்தேன்.

முதலில் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் வேகவைத்து, தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்து, வடிகட்டி, மட்டையால் சுவரில் அடிக்கிறோம். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அது மறுபடி கல்லாகவே ஆகிவிடுகிறது. அடிக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாகவே தெரியாது, கவனித்திருக்கிறீர்களா? துணி துவைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். காய்ந்த பிறகுதான் பளீர். தண்ணீர் போன இடத்தில் காற்று புகுந்து, துகள்களுக்கு நடுவே ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் வரும் வெள்ளை அது. ஆக வெள்ளை என்பது சுவரில் மட்டும் இல்லை, சுவரும் வெளிச்சமும் சேர்ந்து செய்கிற வேலை.

(வெள்ளையைப் பார்த்து ஏமாந்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. 1965 வரை தர்மபுரி சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. சேலம் பக்கத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்த குன்றுகளுக்கு வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தார்கள், நம்மவர்கள் சுண்ணாம்புக்கரடு என்றார்கள். அங்கே இருப்பது சாக்பீஸும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மேக்னசைட். உலைகளுக்கு உட்புறம் பூச உதவும், சுவருக்கு ஆகாது.)

சுண்ணாம்பில் கொஞ்சம் மஞ்சள் வாடை எப்போதும் இருக்கும். மஞ்சளை அடிக்க நீலம். உண்மையில் நீலம் போட்டால் சுவர் துளி கருக்கத்தான் செய்கிறது, ஆனால் மஞ்சள் போய்விடுவதால் நம் கண் அதை முன்னைவிட வெள்ளை என்று நம்பிவிடுகிறது. எல்லா நீலமும் இதற்கு ஆகாது. பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரத்தில் கெட்டுப்போகும். தாங்குவது அல்ட்ராமரைன். ஒரு காலத்தில் இது ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையில் வெட்டிய கல்லை அரைத்து எடுத்த சாயம், ஐரோப்பிய ஓவியர்களுக்குத் தங்கத்துக்கு நிகரான விலை. அதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6000 ஃப்ராங்க் பரிசு என்று 1824ல் பிரான்ஸில் ஒரு சங்கம் அறிவித்தது. 1828ல் கிமே என்பவர் அதை வாங்கினார். அதே வருடம் ஜெர்மனியில் க்மேலின் என்ற பேராசிரியரும் தன் செய்முறையை வெளியிட்டார். களிமண், சோடா, கந்தகம், கரி. அவ்வளவுதான். அரசர்களின் ஓவியத்தில் இருந்த நிறம், இப்படித்தான் மளிகைக்கடைப் பொட்டலமாகி ஆயாவின் சுவருக்கு வந்தது.

அடுத்தது பெயிண்ட். இதில்தான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்பு கொடுத்தது என்பார்கள். அவருக்கு மோனசைட் எதற்கு? விளக்குக்கு! மோனசைட்டில் இருந்து தோரியம், தோரியத்தில் இருந்து கேஸ் விளக்கின் மேண்டில். 1984ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி கடையில் செந்தில் உடைப்பாரே, அதே மேண்டில்தான் :-)

மோனசைட்டைப் பிரித்தால் கூடவே குவிவது இல்மனைட் என்ற கறுப்பு மணல். முதலில் அதற்கு மதிப்பில்லை. 1910களின் கடைசியில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் இல்மனைட்டில் இருந்து டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை எடுக்க ஆரம்பித்தார்கள். அதுவரை பெயிண்டுக்கு வெள்ளை கொடுத்தது ஈயம், அது விஷம். நிலைமை தலைகீழ். 1946ல் திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் டைட்டானியம் கம்பெனி தொடங்கப்பட்டது. ஆக ஒரே கடற்கரை மணல் முதலில் உலகத்துக்கு வெளிச்சம் கொடுத்தது, பிறகு அந்த வெளிச்சம் விழுகிற சுவருக்கு வெள்ளையும் கொடுத்தது. இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை!

இந்த டைட்டானிய வெள்ளையிலும் இப்போது அதிகம் புழங்கும் ரூட்டைல் வகைக்கு ஒரு சின்ன மஞ்சள் சாயல் உண்டு. ஊதாக் கதிரில் கொஞ்சத்தை அது விழுங்கிவிடும். அதனால் பெயிண்ட் செய்பவர்களும் துளி நீலம் சேர்ப்பது வழக்கம். ஆயாவின் பொட்டலம் டப்பாவுக்குள் போய்விட்டது, அவ்வளவே.

விளக்கு விஷயமும் இதேதான். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளி ஏறக்குறைய 1900 கெல்வின், குண்டு பல்பு 2700, நம் ஊர் டியூப் லைட் பெரும்பாலும் 6500. எண் ஏற ஏற மஞ்சள் குறைந்து நீலம் கூடும். நீலமே இல்லாத சிம்னி வெளிச்சத்தில் எந்த வெள்ளையும் மஞ்சள்தான். எங்கள் கூடம் வெண்ணெய் ஆனதன் ரகசியம் இது, பெயிண்டர் மேல் தப்பில்லை. வெள்ளை எல்இடி எரிவதும் நீலத்தை வைத்துத்தான். நீல எல்இடி மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு பூசியிருப்பார்கள். அந்த நீல எல்இடிக்காக மூன்று பேருக்கு 2014ல் நோபல் கிடைத்தது. 2015ல் தொடங்கிய மத்திய அரசின் எல்இடி பல்புத் திட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? உஜாலா. சொட்டு நீலத்தின் பெயரேதான்!

இவ்வளவும் படித்த பிறகும் ஆயாவின் மஞ்சள் மட்டும் பிடிபடவில்லை. பகலிலும் மஞ்சள், டியூப் லைட்டிலும் மஞ்சள், மூன்று பொட்டலம் நீலத்துக்குப் பிறகும் மஞ்சள். அப்புறம்தான் ஓவியர் மோனேயைப் பற்றி ஒரு பக்கத்தில் படித்தேன். கண்ணில் புரை வளர வளர அவருடைய படங்கள் பழுப்பும் சிவப்புமாக மாறினவாம். 1923ல் ஆபரேஷன் செய்த பிறகு எல்லாமே நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினாராம். வயதானால் கண்ணில் இருக்கும் லென்ஸே மஞ்சளாகி, நீல ஒளியை உள்ளே விடாது.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை அவரே ஆயாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை.

போன மாதம் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த ஆயா அறைக்குள் நுழைந்து, வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அடப் பாவிகளா, யாருடா செவுத்துல இவ்வளவு நீலத்தக் கொட்டுனது?"

அப்பா என்னைக் கை காட்டினார்.