பத்திரம் ஒருவரிடம், நிலம் ஒருவரிடம்

'தி பிக் கன்ட்ரி' (1958) படத்தைத் திண்டிவனத்தில் மாணவர்களோடு பார்த்தோம். இரண்டு பண்ணையார்கள் ஆற்றுத் தண்ணீருக்காக மோதுகிறார்கள். ஆறு ஓடும் நிலமோ ஓர் ஆசிரியைக்குச் சொந்தம். அதைப் பறிக்க நினைப்பவனுக்கும் அவர் கையெழுத்து தேவைப்படுகிறது, கடத்திக்கொண்டுபோய் மிரட்டுகிறான். (அந்த மண்ணின் பூர்வகுடிகள் படத்தின் சண்டையில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.)

நம்மிடமும் பத்திரம் இருந்தது. தரிசு நிலத்தைக்கூடப் பறையர்கள் பெறவிடாமல் மிராசுதாரர்கள் தடுப்பதைச் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் அறிக்கையாக எழுதினார். 1892-இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலத்தைப் பத்தாண்டு விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது. ஆனாலும் கடனுக்குக் கைநாட்டு வாங்கியே வயல்கள் கைமாறின. சட்டப்படி அந்தக் கைநாட்டுக்கு மதிப்பே இல்லை!

மீட்கப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? 1994 அக்டோபர் 10, காரணை நிலப் போராட்டம். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம்.

அன்றைய தென்னார்க்காட்டில் இருந்த விழுப்புரம், திண்டிவனம் ஊர்களுக்கும் அதே நிபந்தனைதான். தோழர்களே, உங்கள் ஊரின் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். சர்வே எண்ணுக்கு நேராக 'டி.சி.', 'நிபந்தனை' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இன்று அங்கே உழுவது யார் என்று வயலில் போய்ப் பாருங்கள்.