திரையை வாசித்தால் போதுமா? ஈமாக்ஸ்பீக் பற்றிய ஒரு மறுவாசிப்பு

விழிப்புலனற்ற கணினி அறிஞர் ரி.வி. ராமன், ஈமாக்ஸ் எடிட்டரைப் பேச வைக்க 1995இல் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக்கை, திரைவாசிப்பான்கள் வளராத காலத்தின் இடைக்கால ஏற்பாடாகவே ஆய்வாளரில் ஒரு சாரார் கருதுகின்றனர். இயங்குதளங்கள் முதிர்ந்ததும் அதன் தேவை தீர்ந்தது என்பது அவர்களின் முடிபு. இது பிழை. விழிப்புலனற்ற நிரலாளர் எடிட்டரிலிருந்து எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு ராமன் தந்த விடை இன்னும் முழுதாகப் பாவிக்கப்படவில்லை.

சிக்கல் ஒரு மூலத்தை வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. 'பியூட்டிஃபுல் கோட்' (2007) தொகுப்பில் ராமன் எழுதிய இயலை வெறும் உத்தி விளக்கமாகவே பலர் எடுத்துக்கொண்டனர். ஈமாக்ஸின் மூலநிரலைத் தொடாமல், லிஸ்ப் மொழியின் 'அட்வைஸ்' வசதியால் கட்டளைகளோடு பேச்சைப் பிணைத்த உத்தி அது. அடுத்த வரிக்கு நகர்த்தும் கட்டளை முடிந்ததும், அவ்வரியைப் பேசும் கட்டளை ஓடும். அதாவது, என்ன நடந்தது என்று அறிந்த இடத்திலேயே பேச்சும் பிறக்கிறது. எது குறிப்புரை, எது கட்டளைச் சொல் என்பது எடிட்டருக்குத் தெரியும். பார்வையுள்ளவருக்கு நிறமாகத் தெரியும் அந்த வேறுபாடு ராமனுக்குக் குரல் மாற்றமாகக் கேட்கிறது.

விசுவல் ஸ்ரூடியோ கோட் என்ற எடிட்டர் வேறு வழியில் வந்தது. திரையில் நிறத்தோடு வரைந்த வரிகளைத் திரைவாசிப்பானிடம் கொடுக்காமல், மறைவான ஒரு பெட்டியில் வெற்று உரையை வைத்தே நெடுங்காலம் வாசிக்க விட்டது. எடுத்துக்காட்டாக, பைதனில் சுற்றுக்குள் எட்டு இடைவெளி தள்ளி நிற்கும் 'ரிட்டர்ன்' வரி முதற் சுற்றிலேயே செயற்கூற்றை முடித்துவிடும். நான்கு இடைவெளியில் நின்றால் சுற்றுகள் தீர்ந்த பிறகே இயங்கும். என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் இந்த இடைவெளியைச் சொல்லாகவோ தொனியாகவோ அறிவிக்கும். வரி சுற்றுக்குள் நிற்கிறதா, வெளியிலா என்பதைக் கேட்பவரே கணக்கிட வேண்டும். 2022இல் பிழைக்கும் மடித்த பகுதிக்கும் தனி ஒலிகள் விசுவல் ஸ்ரூடியோ கோட்டில் சேர்ந்தன. ராமனின் பக்கம் எடுத்து வைத்த அடியாகவே இதைக் கொள்ளத் தோன்றுகிறது.

கருவியை ஆக்கியவரே எழுதிய சாட்சியம் என்பதால் ராமனின் இயலை நிதானத்தோடுதான் எடுக்க வேண்டும். ஈமாக்ஸைக் கற்பது கடினம் என்ற மறுப்போ, நடந்ததை அறிந்த இடத்திலேயே பேச்சு பிறக்க வேண்டும் என்ற நெறியைத் தொடவில்லை.

தமிழில் இதன் தேவை இன்னும் கூடுகிறது. இணையப் பக்கத்தில் மொழிக் குறி இருக்கும், நிரற்கோப்பில் இல்லை. ஆங்கிலக் கட்டளைக்கு நடுவே தமிழ்ச் சரமும் குறிப்புரையும் வரும்போது, ஆங்கிலக் குரல் தமிழைச் சொல்லாக வாசிக்காது. குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போகவேண்டிய நயினாதீவில் ஒருவர் நிரல் கற்க முனைந்தால், பக்கத்திலிருந்து திரையைப் பார்த்துச் சொல்ல ஆள் இருப்பார் என்று கருவியை வகுக்க முடியாது. நிரலை ஆங்கிலத்திலேயே எழுதலாமே என்போர், தமிழ்ப் பயனருக்கான செயலியில் தமிழ்ச் சரம் வந்தே தீரும் என்பதை மறக்கின்றனர்.

இதற்கு வேண்டியவை கையில் உள்ளன. ஈஸ்பீக் பேச்சுப்பொறியில் தமிழ்க் குரல் உண்டு. என்.வி.டி.ஏ. இலவசம், திறந்த மூலம். அதன் துணைநிரல்கள் பைதனிலேயே எழுதப்படுகின்றன. எழுத்துவகையைக் கண்டு குரலையும், நிரலின் உறுப்பைக் கண்டு தொனியையும் மாற்றும் ஒரு துணைநிரல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி மாணவரின் இறுதியாண்டுத் திட்டத்துக்குள் அடங்கக்கூடிய வேலைதான்.