பதினேழு நோயாளர்: இலங்கையின் மலேரியா ஒழிப்பும் கொள்கைக் கண்காணிப்பும்

அரசாங்கமொன்று கொள்கை வகுக்கும்போது மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டியுள்ளது. இனி நிகழவிருப்பது யாது? அதற்கு எவ்வழியைத் தெரிவது? தெரிந்த வழி பயன் தந்ததா? முதலிரண்டு வினாக்களும் நூல்களிலே விரிவாக ஆராயப்படுவன. மூன்றாவது பெரும்பாலும் எழுதுவினைஞரின் பதிவேட்டுடன் நின்றுவிடுகின்றது. அப்பதிவேட்டின் பெறுமதியை இலங்கையின் மலேரியா வரலாற்றைப்போலத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சிகள் சிலவே.

மலேரியாவை எதிர்வுகூறும் முயற்சி பஞ்சாபிலே முளைகொண்டது. அங்கு 1908இல் பரவிய கொடிய காய்ச்சலின் பின்னர், மழைவீழ்ச்சி, பள்ளிச் சிறாரின் மண்ணீரல் வீக்கம், தானிய விலை ஆகியவற்றை ஒருங்கே நோக்கி, வரவிருக்கும் பருவத்தின் நோய்நிலையை முற்கூட்டியே மதிப்பிடும் முறையொன்று உருவாயிற்று. தானிய விலையும் கணக்கிலே சேர்க்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. பசித்த உடல் காய்ச்சலுக்கு எளிதில் இரையாகும் என்பதை அன்றைய வைத்தியர் அறிந்திருந்தனர். இம்முறையோடு நெருங்கிய தொடர்புடைய கில் என்பாரே பின்னர் இலங்கையின் 1934-35 கொள்ளைநோயைப் பற்றியும் அறிக்கை எழுதினார்.

பஞ்சாபில் மிகுமழை நோயைப் பெருக்கியது. இலங்கையிலோ வரட்சி பெருக்கியது. இங்கு நோயைப் பரப்பும் அனோபிலிசு கூலிசிபேசியசு என்னும் நுளம்பு, நீரோட்டம் குன்றிய ஆற்றுப்படுகைகளின் குட்டைகளிலே பெருகுவது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா முதலியன குட்டைகளாயின. வழமையாக நோய் வாட்டும் உலர்வலயத்தைக் காட்டிலும், எதிர்ப்பாற்றல் குன்றிய குருநாகல், கேகாலைப் பகுதி மக்களே பெரிதும் மாண்டனர். 1935 ஏப்பிரல் வரையிலே இறந்தோர் தொகை ஏறக்குறைய 80,000 என மதிப்பிடப்பட்டது. ஓரிடத்து அளவுகோலை மற்றோரிடத்துக்கு அவ்வாறே எடுத்துச்செல்லுதல் இயலாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வழியைத் தெரிதல் 1946இல் எளிதாயிற்று. டி.டி.ரி. என்னும் மருந்து வீட்டுச் சுவர்களிலே தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியில் மருந்தின் பங்கு எவ்வளவு? பீற்றர் நியூமன் அதற்குப் பெரும்பங்கு அளித்தார். மீகமவோ, மலேரியா அருகிய மாவட்டங்களிலும் இறப்புக் குறைந்ததைச் சுட்டி, உணவு, வைத்தியசாலை ஆகியவற்றின் பங்கை வலியுறுத்தினார். இவ்விவாதத்திலே மீகம எழுப்பிய வினாவே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. மருந்து தெளிக்கப்படாதிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும் என்று கேளாமல் எக்கொள்கையின் பெறுபேற்றையும் அளத்தல் அரிது.

1963இல் நாடு முழுவதிலும் பதினேழு நோயாளரே காணப்பட்டனர். அவர்களுள்ளும் பதினொருவர் நோயைப் பிறநாடுகளிலிருந்து கொண்டுவந்தோர். வகுத்த திட்டத்தின்படி தாக்குதற் கட்டம் முடிந்தது. 1964இல் தெளித்தல் நிறுத்தப்பட்டது. இனிச் செய்யவேண்டியது காய்ச்சலுற்றோரைத் தேடிக் குருதியைச் சோதித்தலே. நோய் அருகிய நாட்டில் நோயைத் தேடுவது சலிப்பூட்டும் வேலை. நாள்தோறும் 'இல்லை' என எழுதுவதற்குச் சம்பளம் கொடுக்க எத்திறைசேரியும் மனமுவந்து முன்வராது. கண்காணிப்புத் தளர்ந்தது. சேனைப் பயிர்ச்செய்கைக்கும் மாணிக்கக்கல் அகழ்வுக்குமாகக் காட்டுப்புறம் சென்றோரிடையே காய்ச்சல் பரவியதைப் பதிவேடு உரிய காலத்திலே காட்டவில்லை. 1966இல் ஐந்நூறளவில் இருந்த நோயாளர் தொகை மறு ஆண்டில் மூவாயிரத்தைக் கடந்தது. மழையும் குன்றியது. 1968இல் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோரும் 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரும் நோயுற்றனர். பரவியது பெரும்பாலும் வைவாக்சு வகையாதலின் 1935இன் சாவுகள் மீண்டும் நேரவில்லை.

டி.டி.ரி. மீதான சூழலியற் கண்டனமே இலங்கையிலே தெளித்தலை நிறுத்தியதென்று இன்றும் சிலர் எழுதுகின்றனர். இது பிழையான கூற்று. மருந்தை நிறுத்தியது அதன் வெற்றியே. மீண்டும் தெளித்தபோதோ நுளம்பு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தது. 1970களின் நடுப்பகுதியில் மலத்தியோன் என்னும் மருந்தை நாட வேண்டியதாயிற்று.

இந்நாட்டிலே தொற்றிய நோயாளரின் தொகை 2012 இறுதியில் பூச்சியமாயிற்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்றுபடுத்தியது. 1963இல் செய்ததுபோல இம்முறை தேடுவோர் கைவிடப்படவில்லை. வெளிநாடு சென்று மீள்வோரின் குருதி சோதிக்கப்பட்டது; நுளம்புகளும் தொடர்ந்து பிடித்து ஆராயப்பட்டன. சான்றிதழ் கிடைத்த சில மாதங்களுள்ளே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு தெபன்சி என்னும் நுளம்பு மன்னாரின் கிணறுகளிலே கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளர் ஒருவரேனும் தோன்றுமுன்னரே அக்கிணறுகளில் வேலை தொடங்கிற்று.