கூடிப் பாடும் குலம்
யூத மக்களின் இறைவழிபாட்டில் இசை

யூபிலி கொண்டாடும் இந்த நல்ல வேளையில், அச்சொல் எங்கிருந்து வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். 'யோபேல்' என்ற எபிரேயச் சொல்லே மொழிகள் பல கடந்து நம்மிடம் 'யூபிலி' ஆயிற்று. யோபேல் என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு. ஐம்பதாம் ஆண்டு பிறந்ததும் நாடெங்கும் கொம்பூதி அறிவிக்க வேண்டும் என்றும், அடிமைகள் விடுதலை பெற வேண்டும் என்றும், இழந்த நிலம் உரியவருக்குத் திரும்ப வேண்டும் என்றும் லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஆகவே நாம் கொண்டாடும் விழாவின் பெயரே ஓர் ஓசையிலிருந்து பிறந்தது. அந்த ஓசைக்கு உரிய மக்கள் இறைவனை எவ்வாறு பாடினர், அந்தப் பாட்டு அவர்களை எவ்வாறு காத்தது என்பதை இச்சிறு கட்டுரையில் காண்போம்.

யூதர்களின் வழிபாட்டை நாம் அயலாருடையது எனக் கருதுவதற்கில்லை. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட அறிக்கை, அவர்களுக்கும் நமக்கும் பொதுவான ஞானச் சொத்து உண்டென எடுத்துரைத்தது. ஆமென், அல்லேலூயா, ஓசன்னா என்று நாம் திருப்பலியில் பாடுவன யாவும் அவர்கள் நாவிலிருந்து நம் நாவுக்கு வந்தவையே. நம் ஆண்டவரும் இறுதி இரவுணவுக்குப் பின் சீடரோடு புகழ்ப்பாடல் பாடிவிட்டுத்தான் ஒலிவ மலைக்குச் சென்றார் என்று மத்தேயு எழுதுகிறார். பாஸ்கா இரவில் யூதர் பாடுவன திருப்பாடல்கள் 113 முதல் 118 வரை. பாடுகளின் வாயிலில் நின்ற ஆண்டவரின் நாவிலும் இவையே ஒலித்திருக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து.

எருசலேம் ஆலயத்தில் பாடுவது லேவியரின் பணி. 288 தேர்ந்த பாடகர்கள் 24 பிரிவுகளாக முறைவைத்துப் பாடினர் என்று முதலாம் குறிப்பேடு கூறுகிறது. யாழும் கைத்தாளமும் உடன் ஒலித்தன. ஆயினும் மக்கள் வாய்மூடிக் கேட்டுக் கொண்டிருந்தார்கள் என எண்ணலாகாது. திருப்பாடல் 136-ஐப் பாருங்கள். அதன் 26 அடிகளிலும் பிற்பாதி ஒன்றே. முற்பாதியை ஒருவர் பாட, பிற்பாதியைச் சபை முழுவதும் திருப்பிச் சொல்வதற்காக அமைந்த பாடல் அது. இன்று நாம் திருப்பலியில் பாடும் பதிலுரைப் பாடலின் வேர் இதுவே.

கி.பி. 70-இல் உரோமையர் எருசலேம் ஆலயத்தை இடித்துத் தரைமட்டமாக்கினர். பலி நின்றது. லேவியரின் பாடற்பிரிவுகள் கலைந்தன. அந்தத் துயரத்தின் அடையாளமாக யூதர்கள் தங்கள் செபக்கூட வழிபாட்டிலிருந்து இசைக்கருவிகளை விலக்கினர். புத்தாண்டு நாளில் ஊதும் ஆட்டுக்கொம்பு மட்டும் எஞ்சியது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சில சபைகள் ஆர்கனைக் கொண்டு வந்தபோது பெரும் வாக்குவாதமே எழுந்தது. பழைய மரபைக் கைக்கொள்வோர் ஓய்வுநாளில் இன்றும் கருவியின்றியே பாடுகின்றனர்.

ஆலயம் போயிற்று, நாடு போயிற்று, கருவியும் போயிற்று. எஞ்சியது யாது? மனிதக் குரல் ஒன்றே. அந்தக் குரலும் தனிக்குரல் அன்று. பத்துப் பேர் கூடினால்தான் பொதுச் செபம் முழுமை பெறும் என்பது அவர்கள் வகுத்த ஒழுங்கு. ஓய்வுநாள் உணவு வேளையில் குடும்பத்தார் மேசையைச் சுற்றி அமர்ந்து பாடுவர். 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய ஹசிதிய பக்தர்களோ, சொல்லே இல்லாத மெட்டுகளையும் கூடி நின்று பாடினர். எழுத்தறியாத ஏழையும் பண்டிதனும் அங்கே ஒரே குரலாயினர்.

இவர்கள் எந்த நாட்டில் குடியேறினாலும் அந்நாட்டின் இசையைத் தமதாக்கிக் கொண்டனர். நம் இந்தியாவே இதற்குச் சான்று. கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரயேல் என்னும் யூதர்கள், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மராத்தியக் கீர்த்தன முறையில் ஆபிரகாம், யோசேப்பு ஆகியோரின் வரலாறுகளைப் பாடத் தொடங்கினர். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கே நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிக் கொண்டிருந்தார் என்பதை நினைவுகூர்தல் நலம்.

சென்னையிலும் யூதர்கள் வாழ்ந்தனர். கோல்கொண்டா வைரத்தை வாங்கவும் பவழத்தை விற்கவும் 17-ஆம் நூற்றாண்டில் வந்த வணிகர்கள் அவர்கள். 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அதன் 12 ஆல்டர்மேன்களில் மூவர் யூதர். ஜார்ஜ் டவுனின் பவழக்காரத் தெரு அந்தப் பவழ வாணிகத்தை இன்றும் நினைவூட்டுகிறது. வாணிகம் தேய்ந்ததும் அவர்களும் கலைந்தனர். ஆனால் கொச்சியில் குடியேறியவர்களின் கதை வேறு. அவர்கள் மண்ணோடு மண்ணாக வேரூன்றினர்.

கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கி, வட்டெழுத்தில் செப்பேடு பொறித்துக் கொடுத்தார். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி செபக்கூடம் இன்றும் நிற்கிறது. 1968-இல் அதன் நானூறாம் ஆண்டு விழாவில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கலந்து கொண்டார். இந்திய அரசு அதற்கெனத் தபால்தலையும் வெளியிட்டது. சேந்தமங்கலம், பறவூர், மாளை, எறணாகுளம் ஆகிய ஊர்களிலும் செபக்கூடங்கள் இருந்தன.

கொச்சி யூதரின் தனிச்சிறப்பு அவர்களின் பெண்களே என்றால் மிகையாகாது. பல நாடுகளில் யூதப் பெண்கள் ஆண்கள் முன்னிலையில் பாடுவது விலக்கப்பட்டிருந்தது. கொச்சியில் அந்தத் தடையில்லை. பெண்களும் எபிரேயப் பாடல்களைக் கற்றுச் சேர்ந்து பாடினர். அதற்கும் மேலாக, தங்கள் தாய்மொழியான மலையாளத்தில் அவர்களுக்கென்றே ஒரு பெரும் பாடற்செல்வம் இருந்தது. வேதாகம வரலாறுகள், செபக்கூடம் எழுந்த கதை, மணப்பெண்ணின் அலங்காரம் என்று திருமண வீட்டிலும் திருவிழாவிலும் கைதட்டி வட்டமாக ஆடிப் பாடினர். கேரளக் கிறிஸ்தவர்களின் கல்யாணப் பாட்டுகளுக்கும் இவற்றுக்கும் உள்ள ஒற்றுமையை ஆய்வாளர் பி. எம். ஜூஸ்ஸே எடுத்துக் காட்டியுள்ளார். அடுத்தடுத்த வீட்டார் பாட்டையும் பகிர்ந்து கொண்டனர் போலும்!

இப்பாடல்கள் அச்சேறியவை அல்ல. பாட்டி தன் கையால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பாள். மகள் அதைப் பார்த்துப் படியெடுப்பாள். பேத்தி அதிலிருந்து கற்பாள். இவ்வளவே அவர்கள் கண்ட முறை.

1948-இல் இஸ்ரயேல் நாடு உருவாயிற்று. 1950-களில் கொச்சி யூதரில் பெரும்பாலோர் கப்பலிலும் விமானத்திலும் அங்கே சென்று குடியேறினர். புதிய நாட்டில் பிள்ளைகள் எபிரேயம் பேசினர். மலையாளம் பாட்டிமாரின் மொழியாகச் சுருங்கியது. பாட்டு அத்தோடு மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. காரணம், பெட்டிக்குள் வைத்து எடுத்துச் சென்ற அந்த நோட்டுப் புத்தகங்கள். ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிச் சேகரித்தனர். முதிய பெண்களைப் பாட வைத்துப் பதிவு செய்தனர். 2005-இல் ஸ்கறியா சக்கறியாவும் ஓபிரா கம்லியேலும் தொகுத்த பாடல் நூல் எபிரேய மொழிபெயர்ப்புடன் எருசலேமில் வெளியாயிற்று. அந்நூலின் பெயர் 'கார்குழலி'. இப்பெயருக்கு நமக்கு அகராதி வேண்டுமா? மேகம்போல் கறுத்த கூந்தலை உடையவள் என்று நம் வீட்டுக் குழந்தையும் பொருள் சொல்லும். சேரநாட்டுப் பெண்ணின் சொல் எருசலேமில் ஒலிக்கிறது!

மறுபுறத்தையும் நாம் காண வேண்டும். மட்டாஞ்சேரிச் செபக்கூடத்தின் விளக்குகளும் நீல ஓடுகளும் பழைய அழகோடு இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் வந்து வியக்கின்றனர். ஆனால் பொதுச் செபத்துக்குத் தேவையான பத்துப் பேர் உள்ளூரில் இல்லை. வெளியூர் யூதர் வந்தால்தான் எண்ணிக்கை நிறையும். கட்டடம் காப்பாற்றப்பட்டது, கூடிப் பாடும் குலம் இடம்பெயர்ந்து விட்டது. பாட்டு எங்கே வாழ்கிறது? மக்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே!

அன்புக்குரிய பங்கு மக்களே, இது அத்திப்பட்டு மக்களாகிய நமக்குச் சொல்லும் செய்தி யாது? நம்மில் பலர் இம்மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். அனல்மின் நிலையமும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் அழைத்ததால் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து சேர்ந்தோம். நாம் எடுத்து வந்த பெட்டிகளில் சமையல் பாத்திரங்கள் இருந்தன. படங்களும் செபமாலையும் இருந்தன. தபசுக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளை நினைத்துப் பாட்டி அழுது பாடிய புலம்பலும், மாதா தேருக்குப் பின் பெண்கள் அடித்த கும்மியும் எந்தப் பெட்டியில் இருந்தன? அவை முதியோர் சிலரின் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அவர்களை நாம் அடக்கம் செய்யும் நாளில் அவற்றையும் சேர்த்தே அடக்கம் செய்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஒலிபெருக்கியும் கீபோர்டும் வந்தபின் பாடற்குழு பாடுகிறது, பங்கு கேட்கிறது என்ற நிலை எங்கும் பரவி வருகிறது. 1963 டிசம்பர் 4-இல் வெளியான திருவழிபாட்டுச் சாசனமோ, விசுவாசிகள் அனைவரும் செயல்முறையில் பங்கேற்றுப் பாட வேண்டும் என்று விரும்பியது. நம் பாடற்குழுவின் உழைப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. மக்களுக்காகப் பாடுவதிலும் மக்களைப் பாட வைப்பதே குழுவின் பெரும் பணி என்றே கூறுகிறோம்.

எனவே இந்த யூபிலி ஆண்டில் இரு சிறு முயற்சிகளை மேற்கொள்வோம். ஒவ்வொரு அன்பியமும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். முதியோரிடம் அமர்ந்து, அவர்கள் எந்த மொழியில் பாடினாலும், பாடுவதைப் பாடியபடியே பிள்ளைகள் எழுதட்டும். கைப்பேசியில் மெட்டையும் பதிவு செய்யட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறன்று, கருவி ஏதுமின்றி, பதிலுரைப் பாடலைக் கோவில் முழுவதும் ஒரே குரலில் பாடுவோம்.

ஆலயத்தை இழந்தும் பாட்டை இழக்காத மக்களைப் பார்த்தோம். இறையருளால் நமக்கு ஆலயம் இருக்கிறது. அதை நிறைக்கும் குரலும் நம்மிடம் இருக்கட்டும். வாழ்க யூபிலி! இறைவனுக்கே புகழ்!