யார் முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்?

'முகம் கறுப்பா விழுந்துட்டுது, வெளிச்சம் பத்தல' என்று ஸ்டுடியோவில் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். குற்றம் முகத்தின் மீது ஏற்றப்பட்டுவிடுகிறது. மீட்டருக்கும் ஃபிலிமுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது பேச்சிலேயே வருவதில்லை.

மீட்டருக்கு முகம் தெரியாது. எதைக் காட்டினாலும் 18 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும் நடுச்சாம்பல் என்றே கணக்குப் போடும். வெள்ளைச் சுவர் முன்னால் கறுத்த ஆளை நிறுத்தினால் சுவரைப் பார்த்து ஒளியைக் குறைக்கச் சொல்லும், முகம் அமிழ்ந்துபோகும். இதுவரை இயற்பியல். எந்தத் தோல் 'சரியான தோல்' என்பதோ அரசியல்.

ஃபிலிம் விலையோடு கழுவும் கூலியையும் சேர்த்தே வாங்கிவந்த கோடாக்கின் ஏகபோகம் 1954இல் அமெரிக்காவில் சட்டத்தின் வழியாக உடைந்தது. வெளிக்கூடங்கள் நிறம் சரிபார்க்கவென்று அது அனுப்பிய அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். பெயர் ஷெர்லி. அட்டைக்கும் அதுவே பெயராயிற்று. ஷெர்லி சரியாக வந்தால் உலகமே சரி. இவ்வட்டைகளை ஆராய்ந்த லோர்னா ராத் 2009இல் எழுதிய கட்டுரை ஒரு விஷயத்தைப் போட்டு உடைக்கிறது: ஃபிலிமில் பழுப்பின் சாயைகள் தெளிவாக விழவில்லை என்று கோடாக்கை நெருக்கியவர்கள் சாக்லெட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும். கறுப்பு முகங்களுக்குக் கிடைக்காத செவி சரக்குக்குக் கிடைத்தது.

இன்னொரு இடத்திலோ கறுப்பு முகம் துல்லியமாகத் தேவைப்பட்டது. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் பாஸ் புத்தகங்களுக்குப் போலராய்டு படங்கள் பயன்பட்டன. அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் 1970இல் இதை எதிர்த்துப் புறக்கணிப்புப் போராட்டம் தொடங்கினார்கள். 1977இல் போலராய்டு அங்கிருந்து வெளியேறியது. ஆக, தொழில்நுட்பத்தின் இயலாமை என்பது பாதிப் பொய். குடும்ப ஆல்பத்தில் காணாமல் போன முகம் காவல் கோப்பில் பளிச்சென்று தெரிந்தது.

வழியும் தெரியாமலில்லை. ஆன்செல் ஆடம்ஸ், ஃப்ரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து 1940ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையில் கறுத்த தோலுக்கு 5ஆம் மண்டலம், வெயிலில் வெள்ளையர் தோலுக்கு 6. இரண்டுக்கும் இடம் உண்டு. படிக்க விரும்புவோர் அவருடைய 'தி நெகட்டிவ்' நூலிலிருந்து தொடங்கலாம்.

நாம் செய்யவேண்டியது இவ்வளவுதான். சுவரை அளக்காதீர்கள், முகத்தில் விழும் வெளிச்சத்தை அளங்கள். ஃபிளாஷை நேரே அடிக்காமல் ஜன்னலோரம் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். கறுத்த தோல் அந்த ஒளியை வாங்கித் தன் மேடுபள்ளங்களைத் தானே காட்டும். பவுடர் பூசி வெளுப்பாக்குவது திருத்தமல்ல, ஷெர்லிக்குப் பணிவது.