கம்பெனி போன பின்னும் ஓடும் கார்கள்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்பக்கம் சாயும். இன்ஜின், ரேடியேட்டர், ஸ்டீயரிங் எல்லாம் கண்ணெதிரே வந்துவிடும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்தே கார்பரேட்டரைக் கழற்றலாம். பாடி தனி, சேஸிஸ் தனி. நசுங்கிய பகுதியை போல்ட் கழற்றி மாற்றலாம்.

இந்தக் காரை 1961 முதல் தயாரித்தது, சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் ஜிஎஸ்டி சாலையோரம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலை. கம்பெனி தொடங்கியது 1948இல். ஹெரால்டுக்குப் பின் கெஸல் வந்தது. 1985இல் இறக்கிய ஸ்டாண்டர்ட் 2000 விலை போகவில்லை. சில ஆண்டுகளில் ஆலைக்குப் பூட்டு விழுந்தது. ஆனால் விற்ற கார்கள் சாலையில் இருந்தன. கம்பெனி சர்வீஸ் இல்லாத அந்தக் கார்களுக்குத் தனி மெக்கானிக் ஷெட்தான் கதி. ஸ்பேர் கிடைக்காவிட்டால் சென்னையின் பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டை, அங்கும் இல்லையென்றால் லேத் பட்டறை.

2000ஆம் ஆண்டை ஒட்டி, புகைக் கட்டுப்பாடு இறுகியபோது, கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. காரின் மூளை ஈசியூ என்ற பெட்டிக்குள் புகுந்தது. இன்று ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சாதாரண ஸ்கேனரைச் செருகினால், பி0300 போன்ற பழுதுக் குறியீட்டைக் காட்டும். சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று புரிந்துவிடும். சிக்கல் அதற்கு மேல்தான். பல டீசல் வண்டிகளில் புது இன்ஜெக்டரை மாட்டியதும், அதன் மேல் அச்சிட்ட எண்ணை ஈசியூவில் ஏற்ற வேண்டும். அதற்கான மென்பொருள் பெரும்பாலும் கம்பெனி கையில். இருபது வருடம் டீசலோடு புழங்கிய மெக்கானிக்கும் அது இல்லாவிட்டால் வண்டியை ஷோரூமுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

2011இல் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். ஒரிஜினல் ஸ்பேரும் ஸ்கேனர் கருவியும் வெளி மெக்கானிக்குக் கிடைக்காதபடி கம்பெனிகள் கட்டிவைத்திருக்கின்றன என்பது புகார். விசாரணை பல கம்பெனிகளுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம். மாருதி, டாடா, ஹோண்டா, ஃபோர்டு எல்லாம் பட்டியலில் உண்டு. பாகங்களையும் கருவிகளையும் வெளியிலும் தர வேண்டும், வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தன்னிடம் வந்தவர்களின் தவறை உறுதிசெய்தது. அபராதத்தை மட்டும் குறைத்தது.

ஏர்பேக், பிரேக் போன்றவற்றில் பாதுகாப்பு முக்கியம், டூப்ளிகேட் பாகம் ஆபத்து என்கின்றன கம்பெனிகள். கவலை நியாயமானதே. அதற்கு மருந்து, ஒரிஜினல் பாகமும் முறையான பயிற்சியும் ஷெட்டுக்கும் கிடைக்கச் செய்வது. கதவை அடைத்தால்தான் டூப்ளிகேட் வியாபாரம் கொழிக்கும்.

அதே ஜிஎஸ்டி சாலையில், மறைமலை நகரில், ஈகோஸ்போர்ட்டைத் தயாரித்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் ஆலை ஓய்ந்தது. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஹெரால்டை ஸ்பானரும் லேத்தும் காப்பாற்றியதுபோல ஈகோஸ்போர்ட்டைக் காப்பாற்ற முடியாது. நாவலூரில் ஐடி வேலைக்குப் போகிறவர் இப்படியொரு காரை வைத்திருந்தால், அவர் நம்பும் ஷெட்டுக்கு மென்பொருள் அனுமதியும் வேண்டும்.

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுநீக்கும் உரிமைக்கு இணையதளம் தொடங்கியது. அதன் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. கம்பெனிகள் தாங்களாகத் தகவல் தரும் ஏற்பாடுதான் அது; கட்டாயப்படுத்தும் சட்டம் அதன் பின்னால் இல்லை.