பயிற்சிக்கென்று பிறக்காத பயிற்சி ஹெலிகாப்டர்

ராபின்சன் ஆர்22 என்ற இரண்டு இருக்கை ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்டதல்ல. ஹியூஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஃபிராங்க் ராபின்சன் 1973இல் அந்த வேலையை விட்டு, கலிஃபோர்னியாவில் தன் வீட்டிலேயே சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். தனிமனிதர் ஒருவர் வாங்கி ஓட்டக்கூடிய மலிவான ஹெலிகாப்டர் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1975 ஆகஸ்டில் டொரன்ஸ் விமான நிலையத்தில் முதல் ஆர்22ஐ அவரே பறக்கவிட்டார். 1979இல் அமெரிக்க அரசின் சான்றும் கிடைத்தது. வெற்று எடை சுமார் 400 கிலோ. பிற்கால மாடல்களில்கூட ஆட்களும் எரிபொருளும் சேர்த்து 622 கிலோவைத் தாண்டக் கூடாது. விலை குறைவு, ஒரு மணி நேரப் பறத்தலுக்கு ஆகும் செலவும் குறைவு. அதனால் பயிற்சிப் பள்ளிகள் முந்திக்கொண்டன. பின்வந்த ஆண்டுகளில் உலகெங்கும் ஹெலிகாப்டர் கற்றவர்களில் ஏராளமானோர் முதலில் உட்கார்ந்தது இந்தச் சிறிய இயந்திரத்தில்தான்.

அதற்கு முந்தைய தலைமுறை வேறு வகையானது. 1946இல் அமெரிக்காவில் முதல் சிவில் ஹெலிகாப்டராகச் சான்று பெற்ற பெல் 47, ஆர்22ஐப்போல இரு மடங்கு எடையும் கனமான இறக்கைகளும் கொண்டது. கனமான இறக்கைகள் ஒருமுறை வேகமெடுத்துவிட்டால் எளிதில் தளராது. எஞ்சின் நின்றாலும் மாணவன் யோசிப்பதற்குச் சிறிது அவகாசம் தரும். டெக்சாஸின் ஃபோர்ட் வோல்ட்டர்ஸ் முகாமில் 1956 முதல் 1973 வரை இயங்கிய ராணுவப் பள்ளியில், வியட்நாம் போருக்குச் சென்ற ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஹில்லர், பெல், ஹியூஸ் டிஎச்-55 ஆகிய இலகு ரகங்களில் பயின்றார்கள்.

அந்தக் காலத்துப் பயிற்சி விபத்துகளில் பல தரையை ஒட்டியே நேர்ந்தன. மூன்று இறக்கை கொண்ட டிஎச்-55 போன்றவற்றில், தரையில் நிற்கும்போதே இறக்கைகள் சமநிலை இழந்து, அந்த அதிர்வு தாங்குகால்களின் அசைவோடு ஒத்திசைந்தால் சில விநாடிகளில் ஹெலிகாப்டர் தன்னைத்தானே உதறிச் சிதைத்துக்கொள்ளும். இன்னொன்று கவிழ்தல். மேலெழும்போது ஒரு பக்கச் சறுக்குக்கால் மண்ணிலோ புல்லிலோ மாட்டினால், அந்தக் காலையே அச்சாகக் கொண்டு உடல் சாயத் தொடங்கும். சாய்வு ஓர் எல்லையைத் தாண்டிய பின் எந்தக் கட்டுப்பாடும் மீட்காது. கலெக்டிவ் எனப்படும் இடக்கை லிவரை மெல்லக் கீழே இறக்குவதுதான் சரியான செயல். தரையிலிருந்து தப்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் மாணவன் அதை மேலே இழுப்பான். அந்த இழுப்பே கவிழ்த்துவிடும். இலகு ஹெலிகாப்டர் விபத்துகளின் வரலாறு நெடுகிலும் இதே முரண் வருகிறது: உடல் இயல்பாகச் செய்யத் துடிப்பது ஒன்று, இயந்திரத்துக்குத் தேவைப்படுவது அதற்கு நேர் எதிர்.

ஆர்22 இந்த முரணை இன்னும் குறுகிய நேரத்துக்குள் அடக்கியது. அதன் இறக்கைகள் இலேசானவை. சேர்த்துவைக்கும் சுழற்சி ஆற்றல் குறைவு. எஞ்சின் சக்தி இழந்தாலோ, அந்தச் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் போதாமல் போனாலோ, ரோட்டார் எனப்படும் சுழலும் இறக்கைத் தொகுதியின் வேகம் உடனே சரியும். அப்போது ஹெலிகாப்டர் அமிழ்வதை உணரும் மாணவன், அதைத் தூக்கிப் பிடிக்கக் கலெக்டிவை இழுக்கிறான். இறக்கைகளின் கோணம் கூடுகிறது, காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது, சுழற்சி மேலும் தளர்கிறது. ஒரு கட்டத்தில் இறக்கைகள் காற்றைப் பிடிக்கும் திறனையே இழந்துவிடும். அதற்குப் பிறகு அவற்றை மீட்க வழியில்லை. மேல்நோக்கி வளைந்து, சில வேளை வாலையே வெட்டிவிடும். த்ராட்டிலைத் திருகித் திறந்துகொண்டே கலெக்டிவை இறக்குவது ஒன்றே தீர்வு. தரை அருகில் இருக்கும்போது கீழே இறக்கு என்று கைக்குக் கட்டளையிடுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதைவிடக் கொடியது நடுவானில் நேர்ந்தது. ஆர்22இன் இரண்டு இறக்கைகளும் மாஸ்ட் எனப்படும் சுழல்தண்டின் உச்சியில் சாய்ந்தாடும் பலகைபோல ஊசலாடுபவை. இறக்கைகள் உடலைத் தாங்கித் தொங்கவிட்டிருக்கும்வரை, ரோட்டார் சாயும் திசைக்கு உடலும் வரும். மேலேறிக்கொண்டிருக்கும்போது நடுக்கட்டையான சைக்ளிக்கைச் சட்டென்று முன்னே தள்ளினால், ரோலர் கோஸ்டரின் உச்சியில் உணர்வதைப்போல எடை மறையும். ரோட்டாரிடம் பாரம் இருக்காது. ஆனால் வால் ரோட்டாரின் தள்ளுவிசை தொடரும். அது உடலை வலப்புறம் உருட்டும். வலப்புறம் உருண்டால் இடப்புறம் கட்டையைச் சாய்ப்பது யாருக்கும் இயல்பு. பாரமற்ற ரோட்டார் மட்டும் இடப்புறம் சாயும், உடல் கேட்காது. ரோட்டாரின் மையம் மாஸ்ட்டில் மோதி அதை முறிக்கும், அல்லது இறக்கை விமானி அறையையோ வாலையோ வெட்டும். முதலில் கட்டையை மெல்லப் பின்னுக்கு இழுத்து ரோட்டாருக்குப் பாரம் ஏற்ற வேண்டும், உருட்டலைத் திருத்துவது பிறகுதான். இரண்டு இறக்கை கொண்ட பெல் ஹெலிகாப்டர்களில் இந்த ஆபத்தை அமெரிக்க ராணுவம் 1970களிலேயே கண்டிருந்தது. மாஸ்ட் மோதல் என்ற பெயரும் அப்போதே வழக்கில் இருந்தது.

விமானம் ஓட்டிப் பழகியவர்கள் இதில் கூடுதல் ஆபத்துக்கு உள்ளானார்கள். விமானத்தில் எச்சரிக்கை ஒலி கேட்டால் மூக்கைத் தாழ்த்து என்பதே பாடம். ஆயிரம் மணி நேரப் பழக்கம் கையில் ஊறியிருக்கும். ஹெலிகாப்டரில் ரோட்டார் தளர்வு ஒலி கேட்டதும் அதே கை கட்டையை முன்னே தள்ளிவிடும். அனுபவம் என்பது இங்கே பாதுகாப்பு அல்ல என்பதை நிறுவனம் தன் பாதுகாப்பு அறிவிப்புகளில் வெளிப்படையாகவே எழுதியது.

அந்த அறிவிப்புகள் 1980களின் தொடக்கத்திலேயே வரத் தொடங்கின. விபத்துகள் பெருகியதால் ராபின்சன் நிறுவனம் 1982இல் பயிற்றுநர்களுக்கான பாதுகாப்பு வகுப்பையும் தொடங்கியது. ரோட்டார் தளர்வு, கட்டையை முன்னே தள்ளுதல், கார்புரேட்டரில் உறைபனி, இரவில் மோசமான வானிலையில் பறத்தல் என ஒவ்வொன்றுக்கும் தனி அறிவிப்பு. பயிற்றுநர்கள் சொல்லாமல் கொள்ளாமல் த்ராட்டிலை மூடி மாணவனைச் சோதிக்கும் வழக்கத்தையும் ஓர் அறிவிப்பு கண்டித்தது. கனமான பழைய ஹெலிகாப்டர்களில் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்த அந்த வழக்கம், ஆர்22இல் இருவரையும் கொன்றுவிடக்கூடியது. பழைய இயந்திரத்தின் பயிற்சி முறை புதிய இயந்திரத்துக்கு அப்படியே ஏறிவந்த அவலத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

1992 ஜூன் 29 அன்று கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் அருகே பயிற்சியில் இருந்த ஓர் ஆர்22 நடுவானில் சிதைந்து இருவரும் இறந்தனர். மாணவர் பாடத்தைப் பதிவுசெய்ய ஒரு சிறு கேசட் ரெக்கார்டரைக் கொண்டுவந்திருந்தார். அதில் இருந்தது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான சாதாரண உரையாடல். முறிவு அதன் நடுவே, முன்னறிவிப்பின்றி வந்தது. விளக்க முடியாத இதுபோன்ற விபத்துகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1996இல் சிறப்பு அறிக்கை வெளியிட்டது. அனுபவமற்ற மாணவர் கட்டையைத் திடீரென்று பெரிதாக அசைத்தால், பயிற்றுநர் தலையிடுவதற்குள் ரோட்டார் தன் தளத்தை விட்டு விலகி உடலை வெட்டிவிடக்கூடும் என்பது அதன் முக்கியமான முடிவு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் காப்பாற்றிவிடுவார் என்பது பறத்தல் பயிற்சியின் அடிப்படை நம்பிக்கை. அறிக்கை கைவைத்தது அந்த நம்பிக்கையில்தான்.

அறிக்கைக்கு முந்தைய ஆண்டே, 1995இல், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஆர்22, அதே நிறுவனத்தின் ஆர்44 ஆகிய இரண்டு மாடல்களுக்கென்றே ஒரு தனி விதியைக் கொண்டுவந்துவிட்டது. ஆர்22இல் தனியே பறக்கும் முன் மாணவர் 20 மணி நேரம் பயிற்றுநருடன் பறந்திருக்க வேண்டும். ரோட்டார் ஆற்றல், மாஸ்ட் மோதல், எடை குறைந்த நிலையின் ஆபத்து ஆகியவற்றைத் தனிப்பாடமாகக் கற்றுச் சான்று பெற வேண்டும். கற்றுக்கொடுப்பவருக்கும் அனுபவ வரம்பு வந்தது. பலத்த காற்றிலும் கொந்தளிப்பிலும் அனுபவம் குறைந்தவர்கள் பறக்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. எடை குறைந்த நிலையை வேண்டுமென்றே உண்டாக்குவது தடைசெய்யப்பட்டது. ஆகவே மிகக் கொடிய ஆபத்தை மாணவர் வானில் பழகிப் பார்க்க வழியில்லை, வாய்மொழியாகவே அறிந்துகொள்ள வேண்டும்.

ரோட்டார் வேகத்தைத் தானே சீராக வைத்திருக்கும் கவர்னர் என்ற கருவியும் 1990களில் நிலைபெற்றது. த்ராட்டிலை மறந்துவிட்ட மாணவர்கள் பலரை அது காப்பாற்றியது. ஆனால் மறைந்திருக்கும் புதிய ஆபத்து ஒன்றும் அதோடு வந்தது. கார்புரேட்டரில் உறைபனி படியும்போது எஞ்சின் தளரும். கவர்னர் த்ராட்டிலைத் தானே திறந்து அந்தத் தளர்வை ஈடுகட்டிவிடும். திறக்க மேலும் இடமில்லாமல் போகும்வரை விமானிக்கு எதுவும் தெரியாது. 1996 முடிவில் இதற்கும் ஓர் அறிவிப்பு வந்தது.

அமெரிக்காவில் ரோட்டார் உடலை வெட்டும் விபத்துகள் குறைந்தன. நியூசிலாந்தில் கதை தொடர்ந்தது. மலைகளும் அவற்றின் மேல் கொந்தளிக்கும் காற்றும் நிறைந்த அந்த நாட்டில் ராபின்சன் ஹெலிகாப்டர்கள் அதிகம். மாஸ்ட் மோதல் மரணங்களும் தொடர்ந்து பதிவாயின. அங்குள்ள விபத்து விசாரணை ஆணையம் 2016இல் இதைத் தன் கவனப் பட்டியலில் சேர்த்தது. விமானியின் கை மட்டுமே காரணமா, வடிவமைப்பிலும் மாற்றம் வேண்டாமா என்ற கேள்வியும் அத்துடன் வலுத்தது. அதுவரை சுமையின் பெரும்பகுதி மாணவர், பயிற்றுநர் தோள்களிலேயே இருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஃபிராங்க் ராபின்சன் 2010இல் ஓய்வுபெற்று, 2022இல் தன் 92ஆம் வயதில் காலமானார். அதன் பிறகு நிறுவனம் ஆர்44, ஆர்66 மாடல்களின் வால் பகுதியை மாற்றியமைத்தது. கிடைத்தளம் வாலின் ஒரு பக்கம் மட்டும் நீண்டிருந்த பழைய அமைப்பு போய், இருபுறமும் சமமாக விரிந்த புதிய அமைப்பு வந்தது. எடை குறைந்த நிலையில் உடல் வலப்புறம் உருளும் போக்கைத் தணிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.